ஹாபிட் திருச்சமூகத்துக்கு ஒரு புகழ்மாலை

எழுத்தால் ஆடும் கணினி விளையாட்டுக் குலத்தின் திலகமே! 1982-இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் திருவவதாரம் செய்து, கடல் கடந்து வந்து பிரிட்டனின் வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் எழுந்தருளிய ஹாபிட் பெருமானே! தேவரீரின் கீர்த்தியை முழுக்கப் பாட ஆயிரம் நாவு படைத்த ஆதிசேடனாலும் ஆகாது. நாற்பதாண்டுகளுக்கு மேலாகத் தங்களைப் புகழ்ந்து வருகிறவர்கள் எல்லோரும் மேம்போக்காகவே புகழ்ந்திருக்கிறார்கள். முன்னோடி என்பார்கள், மைல்கல் என்பார்கள், அத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். தங்கள் சந்நிதியில் மணிக்கணக்கில் கைகட்டி நின்றவர்களுக்கு மட்டுமே தெரிந்த குணநலன்களைக் கிட்டே போய்ப் பார்த்து வாயாரப் போற்றியவர் யாருமில்லை. அந்தக் குறை இனியும் நீடிக்கலாகாது.

தங்கள் வள்ளன்மையிலிருந்து தொடங்குவதே முறை. இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினிக்கான விளையாட்டுகள் பெரும்பாலும் ஐந்தாறு பவுண்டுக்குக் கிடைத்துவந்த நாளில், தாங்கள் 14.95 பவுண்டு காணிக்கை பெற்று அருள்பாலித்தீர்கள். மலிவாகக் கிடைப்பதற்கு மதிப்பில்லை என்ற பேருண்மையைச் சிறுபிள்ளைகளின் உண்டியலுக்கும் உணர்த்திய ஞானகுரு தாங்கள். வாங்கிய காசுக்கு வெறும் ஒலிநாடாவை நீட்டி அனுப்பிவிடவும் இல்லை. டோல்கீன் எழுதி 1937-இல் வெளிவந்த நாவலின் பிரதி ஒன்றையும் அதே பெட்டிக்குள் வைத்தே தந்தீர்கள். விளையாட்டுக்குள் எங்கோ ஓர் இருட்டறையில் அகப்பட்டு, அங்கேயே பொழுதைக் கழிக்கப்போகிற பிள்ளை, கதையின் முடிவைப் புத்தகத்திலாவது படித்துக்கொள்ளட்டும் என்ற தாயுள்ளம் வேறு எந்த விளையாட்டுக்கு வாய்த்தது!

தங்களுக்கு முந்தியவை எவ்வளவு எளிய பிறவிகள்! 1970-களில் வில் க்ரௌதர் எழுதத் தொடங்கி, டான் உட்ஸ் விரிவாக்கிய ‘கொலோசல் கேவ் அட்வென்ச்சர்’ என்றொரு குகை விளையாட்டு இருந்தது. அதில் பாம்பு வழியை மறித்துக் கிடக்கும். கூண்டில் பிடித்துவந்த சிறு பறவையை அதன் முன்னால் திறந்துவிட்டால் பாம்பு ஓடிவிடும். நேற்றும் ஓடியது, இன்றும் ஓடுகிறது, நாளையும் ஓடும். மண்டையை உடைத்துக்கொண்டு யோசித்தவனுக்கு அந்த யோசனைக்கான பலன் கிடைத்தே தீரும் என்கிற பாமர நியாயம் அங்கே ஆட்சி செய்தது. மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் கணினியியல் பயின்றுகொண்டிருந்த வெரோனிகா மெக்லர் அம்மையாருக்கு அந்தக் குகை பிடித்துத்தான் இருந்தது. ஆனால் ஒருமுறை விடுவித்துவிட்டால் பிறகு அதில் ஒன்றுமில்லையே என்ற மனக்குறையும் அவருக்கு இருந்தது. பீம் சாஃப்ட்வேர் நிறுவனத்தில் அவரும் ஃபிலிப் மிட்செலும் சேர்ந்து அந்தக் குறைக்கு மருந்து கண்டார்கள். இசட்80 அசெம்பிளி மொழியில் வரி வரியாக எழுதி, 48 கிலோபைட் நினைவகத்துக்குள் ஓர் உலகத்தையே மடித்து வைத்தார்கள். அந்த உலகில் ஒவ்வொரு பாத்திரமும் ஆடுபவனைக் கேட்காமல் தன்பாட்டுக்கு நடக்கும், தன்பாட்டுக்குச் சண்டை போடும், தன்பாட்டுக்குச் சாகும். ஆட்டம் இருமுறை ஒரேமாதிரி நடக்காது. மருந்தின் நுட்பத்தைப் பாருங்கள்: விடுவித்த பிறகுதானே சலிப்பு வருகிறது, விடுவிக்கவே விடாமல் செய்துவிட்டால் சலிப்புக்கு வழி ஏது?

திருக்கதை தொடங்குவது நாயகனான ஹாபிட் பில்போவின் வீட்டுக் கூடத்தில். சுரங்கம்போல் நீண்ட கூடம், கிழக்கே வட்டமான பச்சைக் கதவு, ஒரு மரப்பெட்டி. கூட நிற்பவர்கள் மந்திரவாதி கேண்டால்ஃபும் குள்ளர்கோன் தோரினும். இதைத் தாங்கள் படமாகவும் வரைந்து காட்டுவீர்கள். முதலில் கோடுகள் ஒவ்வொன்றாக நீளும், பிறகு வண்ணம் மெல்லப் பரவி நிரம்பும். அதுவரை ஆடுபவன் கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருப்பான். அடுத்த இடத்துக்குப் போனால் அங்கே இன்னொரு படம், இன்னொரு காத்திருப்பு. பிபிசி மைக்ரோ கணினி வைத்திருந்த பாக்கியவான்களுக்கு அந்தப் படங்களும் கிடையாது. புலனின்பத்தைத் துறந்த ஞானியருக்கென்றே ஒதுக்கிவைத்த தரிசனம் அது.

கேண்டால்ஃப் சுவாமிகளின் அன்பை என்னென்பது! ஆட்டம் தொடங்கியதுமே விசித்திரமான வரைபடம் ஒன்றை நம் கையில் கொடுத்து நம்பிக்கை ஊட்டுவார். பிறகு ஏதாவது ஒரு பொருளைக் கண்டால், ‘என்ன இது?’ என்று கேட்டபடி தாமே எடுத்து வைத்துக்கொள்வார். கதவைத் திறப்பார், போவார், வருவார், மறுபடி போவார். எங்கே போனார், எதற்குப் போனார் என்று கேட்பது அபச்சாரம். டோல்கீனின் நாவலில் இவர் ஆபத்து வரும் வேளையில் எங்கிருந்தோ வந்து காப்பாற்றுபவர். அந்தச் சில்லறைக் கடமையிலிருந்தெல்லாம் அவருக்கு விடுதலை தந்து, பற்றற்ற பரதேசியாக உயர்த்திய பெருமை தேவரீரையே சாரும்.

தோரின் மகாராஜாவைப் பற்றிச் சொல்லாமல் தாண்டினால் நாக்கு அழுகிவிடும். பரம்பரைச் சொத்தான மலையையும் புதையலையும் டிராகனிடமிருந்து மீட்கப் புறப்பட்டவர் அவர்தான், அதற்காகத்தான் ஆடுபவன் வீட்டைவிட்டே கிளம்புகிறான். ட்ரோல்கள் உணவுக்கு அலையும் வெளியிலும், கோப்ளின்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடும் குகையிலும், எந்த நொடியில் எவன் கழுத்தை அறுப்பான் என்று தெரியாத இருட்டிலும் மகாராஜா என்ன செய்வார்? உட்காருவார். உட்கார்ந்து பொன்னைப் பற்றிப் பாடத் தொடங்குவார். பாட்டின் ஒரு வரிகூடத் திரையில் வராது, பாடுகிறார் என்ற மங்கலச் செய்தி மட்டுமே வரும். அடுத்த சுற்றில் எழுந்து, ‘சீக்கிரம் வா’ என்று நம்மை அதட்டுவார். வேலை செய்பவனை விரட்டிவிட்டு மறுபடியும் அமர்வார், மறுபடியும் பொன். உலக இலக்கியத்தில் அரசர்களைப் படைத்தவர்கள் அநேகம் உண்டு. அரச குணத்தின் சாரத்தை இரண்டே வாக்கியத்தில் பிழிந்து, அதையே திரும்பத் திரும்ப ஊட்டியவர் தாங்கள் ஒருவரே.

அடுத்து, தங்கள் செவிச்செல்வம். அந்நாளில் வீட்டுக் கணினிக்கு வந்த மற்ற விளையாட்டுகள் பெரும்பாலும் வினைச்சொல் ஒன்று, பெயர்ச்சொல் ஒன்று என்று இரண்டே சொல்லுக்குத்தான் காது கொடுத்தன. விளக்கை எடு, வடக்கே போ, அவ்வளவுதான். தாங்களோ ‘இங்லிஷ்’ என்று பெயர் சூட்டிய திறத்தால் முழு வாக்கியங்களையே உட்கொண்டீர்கள். வரைபடத்தைப் பற்றி கேண்டால்ஃபிடம் கேட்டுவிட்டு, பிறகு வாளை எடுத்து, அதனாலேயே ட்ரோலைக் கொல் என்று ஒரே மூச்சில் தட்டினாலும் தாங்கள் துண்டு துண்டாகப் பிரித்துப் புரிந்துகொள்வீர்கள். போதாததற்கு, இன்னாரிடம் இதைச் செய்யச் சொல் என்று பாத்திரங்களுக்கே கட்டளையிடும் உரிமையையும் தந்தீர்கள். பிள்ளை ஸ்பெக்ட்ரமின் ரப்பர் விசைகளைத் தேடித்தேடி அழுத்தி, மேற்கோள் குறியைக்கூட மறக்காமல் இட்டு, நயமான வேண்டுகோள் ஒன்றைச் சமர்ப்பிக்கும். பாத்திரம் திருவாய் மலர்ந்து ‘முடியாது’ என்று அருளும். அதையே மறுபடி தட்டினால் இம்முறை இணங்கினாலும் இணங்கலாம். வாக்கியம் மாறவில்லை, சூழல் மாறவில்லை, அவர் மனம் மாறியது. சொன்னது புரியாமல் மறுக்கும் மட இயந்திரங்கள் மலிந்த காலத்தில், ஒவ்வொரு சொல்லையும் துல்லியமாகப் புரிந்துகொண்டு மறுக்கும் நாகரிகத்தை உலகுக்கு அறிமுகம் செய்தீர்களே, அதற்கு எந்தக் கொடை ஈடாகும்!

ஆடுபவன் யோசிக்கட்டும் என்று தாங்கள் நின்றுகொண்டிருப்பதும் இல்லை. அவன் விசையைத் தொடாமல் சற்று நேரம் சிந்தனையில் ஆழ்ந்துவிட்டால், அவன் காத்திருக்கிறான் என்றும் காலம் கடக்கிறது என்றும் தாங்களே அறிவித்து ஆட்டத்தை நகர்த்திவிடுவீர்கள். நாவலில் யோசனைக்குப் பேர்போனவன் பில்போ. இருட்டில் கோல்லத்தோடு விடுகதைப் போட்டி நடத்தி உயிர் பிழைத்தவன். தங்கள் சந்நிதியிலும் கோல்லம் வருவான், விடுகதையும் போடுவான். அதோடு கழுத்தை நெரித்தும் கொல்வான். விடை தேடி விழிப்பவனைப் பரீட்சை முடியும்வரை காக்கவைக்கும் கொடுமை தங்களிடம் இல்லை.

இனி கோப்ளின்களின் நிலவறை. தேவரீரின் கலையெல்லாம் ஒன்றுதிரண்டு நிற்கும் கருவறை அதுதான்.

மூடுபனி மலையின் சுரங்கங்களில் திரும்பும் திக்கெல்லாம் ஒரேமாதிரி இருக்கும். அங்கே கோப்ளின் ஒருவன் வந்து பிடித்து நிலவறையில் தள்ளிவிடுவான். உள்ளே ஒரு ஜன்னல் உண்டு. அது ஹாபிட்டின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கும். தப்பிக்க வேண்டுமானால் யாராவது தூக்கிக்கொள்ள வேண்டும். அப்படித் தூக்க வல்லவர் தோரின் மகாராஜா, அவரும் அதே அறைக்குள் இருந்தால். அவரையும் கோப்ளின்கள் பிடித்து இங்கேயே தள்ளியிருக்க வேண்டும். தள்ளியிருக்கிறார்களா? சில ஆட்டங்களில் உண்டு. சிலவற்றில் அவர் வேறெங்கோ சுரங்கத்தில் உட்கார்ந்து பொன்னைப் பாடிக்கொண்டிருப்பார். அப்போது செய்யத்தக்கது ஒன்றே: காத்திரு என்று தட்டுவது. காலம் கடக்கும். மறுபடி தட்டுவது. மறுபடியும் கடக்கும். ஒருவழியாக மகாராஜா பிடிபட்டு வந்து சேர்ந்தால், ‘என்னைத் தூக்கிக்கொள்ளுங்கள்’ என்று விண்ணப்பிக்க வேண்டும். ‘முடியாது’ என்பார். மறுபடி விண்ணப்பம். இம்முறை தூக்கிக்கொள்வார். ஜன்னல் வழியே வெளியேறி, மூச்சு வாங்கி, சுரங்கத்தில் நாலடி வைப்பதற்குள் இன்னொரு கோப்ளின் எதிர்ப்படுவான். அதே நிலவறை, அதே ஜன்னல். மகாராஜா இப்போது வெளியே நிற்கிறார்.

கணினி விளையாட்டுகளில் சிறைச்சாலைகள் எத்தனையோ உண்டு. அவை எல்லாவற்றிலும் சாவியைத் தேடலாம், காவலனை ஏமாற்றலாம், சுவரைத் துளைக்கலாம். அறிவு இருப்பவன் வெளியே வருவான், இல்லாதவன் கிடப்பான். அறிவுள்ளவன், இல்லாதவன் என்ற பேதமே பார்க்காமல் இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, ஒரே சொல்லைத் தட்டவைத்து, யாரை எப்போது விடுவிப்பது என்பதை எங்கோ அலைந்துகொண்டிருக்கும் மூன்றாம் ஆளின் கால்களிடம் ஒப்படைத்த சமத்துவம் தங்களுடையது மட்டுமே. பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்று பள்ளிவிட்டு வந்து, ஒலிநாடா ஏறி முடியும்வரை பல நிமிடம் அந்தக் கீச்சொலியைப் பொறுத்துக்கொண்டிருந்து, திரையோரத்து வண்ணக்கோடுகள் நிற்கும்வரை வேண்டிக்கொண்டு, பிறகு மாலை முழுதும் அந்த ஜன்னலைப் பார்த்தபடியே இருந்திருக்கிறது. தான் என்ன தவறு செய்தோம் என்று அது யோசித்திருக்கும். ஒரு தவறும் செய்யவில்லை என்று அதனிடம் சொல்லாமல் காத்தீர்களே, அந்த அடக்கத்துக்கு நமஸ்காரம்.

நிலவறைக்கு வெளியே விருந்தோம்பலும் உண்டு. ரிவண்டெல்லில் எல்ராண்ட் பகலுணவு கொடுப்பார். வரைபடத்தைப் படித்துச் சொல்லக் கேட்டால், மனம் இருந்தால் படிப்பார். காட்டுக்குள் எல்ஃபுகள் பிடித்துப்போய் இன்னொரு சிறையில் வைப்பார்கள். முதல் சிறை பிடித்துப்போனவர்களை ஏமாற்றலாகாது என்பதே காரணமாக இருக்க வேண்டும். அங்கே பட்லர் மதுவைக் குடித்துத் தீர்த்து, காலிப் பீப்பாயைப் பொறிக்கதவின் வழியே ஆற்றில் எறிகிற நேரம் பார்த்து அதோடு தப்ப வேண்டும். அவருக்கு எப்போது தாகமெடுக்கும் என்பது அவருக்கே வெளிச்சம்.

இவை எல்லாம் மாலையின் உதிரிப் பூக்கள். நடுநாயகமான மாணிக்கம் ஒன்று இருக்கிறது.

டிராகனைச் சாய்க்க வில்லாளி பார்ட் வேண்டும். அவரை அழைத்துப்போய், டிராகனை எய்யும்படி சொல்ல வேண்டும். ஆனால் தங்கள் உலகில் எல்லோரும் தன்பாட்டுக்கு உலவுகிறவர்கள், சண்டை போடுகிறவர்கள், சாகிறவர்கள் அல்லவா? ஆகவே ஆட்டத்தை முடிக்க அவசியமான ஒருவர், தம் வேலை வருவதற்கு முன்பே, ஆடுபவன் கண்ணில் படாத ஏதோ ஓரிடத்தில் மாண்டுபோயிருக்கலாம். அப்படி நேர்ந்துவிட்டால் அந்த ஆட்டம் இனி வெல்ல முடியாதது. அதைத் தாங்கள் அறிவிக்கிறீர்களா? அறிவித்தால் பிள்ளையின் மனம் ஒடிந்துபோகாதா! தாங்கள் வழக்கம்போலவே படம் வரைகிறீர்கள், வழக்கம்போலவே வாக்கியங்களைப் புரிந்துகொள்கிறீர்கள், கதவைத் திற என்றால் திறக்கிறீர்கள். இந்தச் சாகசத்தில் இத்தனை விழுக்காடு வென்றுவிட்டாய் என்று தசமப்புள்ளி வைத்துக் கணக்கும் சொல்கிறீர்கள். மீதி விழுக்காடு இன்று பிற்பகலே செத்துவிட்டது என்பதை மட்டும் நாவடக்கத்தோடு மறைத்துக்கொள்கிறீர்கள். பிள்ளை மலையடிவாரம்வரை போகும், திரும்பும், மறுபடி போகும். முயற்சி திருவினையாக்கும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லிக்கொடுத்ததை அது நம்பிக்கொண்டிருக்கும். இறந்துபோன ஆட்டத்தை உயிரோடிருப்பதாக நம்பவைத்து மேலும் சில மாலைகளை அதனிடமிருந்து வாங்கிக்கொள்ளும் தங்கள் கனிவை எழுதத் தமிழில் எந்த அடைமொழியும் போதவில்லை.

இதையும் சிலர் குறையென்று பேசினார்கள். நிரலில் பிழைகள் மலிந்திருக்கின்றன என்றார்கள். ரசனையற்றவர்கள்! பிழை எது, பாத்திரத்தின் சுதந்திரம் எது என்று எவராலும் பிரித்தறிய முடியாதபடி இரண்டையும் ஒன்றாகக் குழைத்ததில்தான் தங்கள் மேதைமை இருக்கிறது. தோரின் நகராமல் நின்றால் அது அவர் குணமா, எழுதியவர்களின் கவனக்குறைவா? ஆடுபவன் தன் மூளையைத்தான் முதலில் சந்தேகிப்பான், பிறகு தன் ஆங்கிலத்தை, பிறகு ஒலிநாடாவை. தங்களைச் சந்தேகிக்க அவனுக்கு முறையே வராது. உயிருள்ள உலகம் என்று பெயரிட்டுவிட்டால், அதில் நடக்கும் எந்த அநியாயத்துக்கும் படைத்தவர் பொறுப்பில்லை என்கிற தத்துவத்தைத் தாங்கள் கண்டுபிடித்தது 1982-இல். பின்னால் வந்த எத்தனையோ விளையாட்டுகள் அந்தப் பாதையில் பெருமிதத்தோடு நடந்திருக்கின்றன.

1983-ஆம் ஆண்டின் கோல்டன் ஜாய்ஸ்டிக் விருதுகளில், சிறந்த உத்தி விளையாட்டு என்ற மகுடம் தங்கள் சிரசை அலங்கரித்தது. தகுதியறிந்து சூட்டிய மகுடம். காத்திரு, காத்திரு, மறுபடியும் காத்திரு என்பதைவிட உயர்ந்த உத்தி தங்கள் உலகில் இருந்ததாகச் சான்றில்லை.

அருளுக்கு முடிவேது? தங்களை வெளியிட்ட மெல்பர்ன் ஹவுஸே தங்களை விளையாடுவதற்கான வழிகாட்டி நூல் ஒன்றையும் தனியே வெளியிட்டது. நாவலோடு விளையாட்டை வாங்கியவர் அதில் அகப்பட்டுக்கொண்ட பிறகு, அகப்பட்ட இடத்திலிருந்து மீள இன்னொரு புத்தகத்தை இன்னொரு விலை கொடுத்து வாங்கலாம். நோயையும் மருந்தையும் ஒரே கையால் வழங்கும் தன்வந்திரி நெறி. அந்தப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகக் கரைத்துக் குடித்த பிள்ளைக்கு எந்தச் சாவி எந்தக் கதவுக்கு என்பது தெரிந்துவிடும். இன்றைய ஆட்டத்தில் பார்ட் உயிரோடு இருக்கிறாரா என்பதை அந்தப் புத்தகத்தாலும் சொல்ல முடியாது. அதற்குப் பிள்ளை ஏரி நகரம்வரை நடந்துபோய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும், வழியில் கோப்ளின் பிடிக்காமல் இருந்தால்.